பாட்டுக்கு இடையில் கேட்ட குரல்

போன வருடம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரம். தென்காசியில் எங்கள் வீட்டில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தோம். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள், "எம்மா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

என் கணவர் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே விபத்தில் போய்விட்டார். அந்தக் காலத்து போனில் அவர் பேச்சு எதுவும் பதிவாகவில்லை. மிச்சம் இருந்தது எங்கள் கல்யாண டிவிடி ஒன்றுதான். பீரோவில் பட்டுச்சேலைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

பத்திரமாக வைத்து என்ன செய்ய? பிளேயர் எப்போதோ கெட்டுப்போனது. மகளுடைய லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், டிவிடியைச் செருக அதில் இடமே இல்லை. பிளேயர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். "யக்கா, இதெல்லாம் இப்பம் யாரு வாங்குதாவ? கம்பெனிக்காரனே விட்டுட்டான்" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நேற்று வரை அதை விற்றவர்தானே அவர்!

கடைசியில் வீரகேரளம்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. டிவிடி வைக்கிற தட்டு வெளியே வருவேனா என்றது. கடைக்காரர் ஊக்கு இருக்கிறதா என்று கேட்டார். சேலையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். முன்பக்கத்துச் சின்னத் துளையில் அதை விட்டு, தட்டை வெளியே இழுத்தார். படம் தங்குதடையில்லாமல் ஓடியது.

ஆனால், முதலிலிருந்து சினிமாப் பாட்டு. என் கணவர் வாயசைக்கிறார், சிரிக்கிறார், யாரையோ கூப்பிடுகிறார், எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எல்லாமே அப்படித்தான். எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு என்று வீடியோக்காரரிடம் ஆசை ஆசையாகச் சொன்னதே நான்தான். விசாரித்ததில், பாட்டுச் சேர்க்காத அசல் டேப்பை வீடியோக்காரர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாராம்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி. அதில் மட்டும் அவர் என்னிடம் பேசியது கேட்டது. "ஏட்டி, பசிக்கி. எப்பம் விடுவாவ?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். கடைக்காரர் நாங்கள் கேட்காமலே அந்த இடத்தை மட்டும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

மகள் கல்யாண வீடியோவில் ஒரு பாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சனம் எல்லாம் அதில் சளசளவென்று பேசுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பேச வேண்டியவர் பேச்சை நானே பாட்டுப் போட்டு அமுக்கிவிட்டேனே என்றுதான் தோன்றுகிறது.