தீபா வார்த்த கம்பி

கோட்டுச்சேரிமேட்டு தீபா காரைக்காலில் முனைவர் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டால், அவள் வீட்டில் ஒரே பதில்தான்: "என்னமோ இரும்பப் போட்டு உருக்குறா." பொய்யில்லை. இரும்பையும் அலுமினியத்தையும் அளவு பிசகாமல் உருக்கிச் சேர்த்தால், இரண்டின் குணமும் இல்லாத மூன்றாவதாக ஓர் உலோகச் சேர்மம் பிறக்கும். அனலுக்கு அசையாது, துருவுக்கு மசியாது. உலைகளுக்கு ஒருநாள் உதவும் என்று உலகமெங்கும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே பீடை, அடி தாங்காது. ஈரம் பட்டால் இன்னும் மோசம். வெளியே பளபளப்பு, உள்ளே நொய்மை.

வார்த்ததெல்லாம் விரிசல் விட, உருப்படியாக நின்றது ஒரே ஒரு கம்பி. கொல்லையில் வாளி வைத்து, கடல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி ஊறவைத்திருந்தாள். கடைசிச் சோதனை பாக்கி. அது இல்லாமல் ஆய்வேடு நகராது.

அன்று காலை வாளியில் கம்பியைக் காணோம்.

"அண்ணன் எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றாள் அம்மா தையல்நாயகி. "சுக்கான மாட்டுற கம்பி துருவேறி இத்துப்போச்சாம். இது துருவே பிடிக்கலன்னு மாட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிட்டான்."

தீபா கரைக்கு ஓடினாள். முகத்துவாரத்து அலையில் சுக்கான் கழன்றால் படகு குறுக்கே திரும்பும், கவிழும். மீனவன் வீட்டுப் பெண்ணுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? போன் போட்டாள், எடுக்கவில்லை. அடிப்பாவி, ஆராய்ச்சிக்கூடத்திலேயே வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு மத்தியானம்வரை கரையில் நின்றாள்.

படகு வந்தது. அண்ணன் சசிதரன் சிரித்துக்கொண்டே குதித்தான்.

"உன் கம்பி சிங்கம், தீபா! பக்கத்துப் படகு கார்முகிலும் ஒண்ணு கேக்குறான்."

"அண்ணே, அது உடைஞ்சிடும். கழட்டு."

"போடி! நீ செஞ்சத நீயே நம்பலையா? இப்பதான போயிட்டு வந்தேன். நாளைக்கும் இதுலதான் போவேன்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தீபாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இதைப் பிடுங்கிக்கொண்டு போனால், அடுத்ததை வார்த்ததும் வந்து எடுப்பான், கரையே ஆளுக்கொன்று கேட்கும். படகில் ஏறிக் கம்பியை உருவினாள். கரைக்கல்லில் வைத்தாள். படகில் கிடந்த சுத்தியலால் ஓங்கி ஒரே போடு.

கம்பி மூன்றாகத் தெறித்தது. சிரிப்பு நின்றது.

சசிதரன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். "இத வச்சிக்கிட்டா முகத்துவாரம் தாண்டுனேன்?"

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. "அப்ப உன் படிப்பு?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஊரே பார்க்க, ஓவென்று அழுதாள்.