வராந்தா விளக்கும் மாமாவின் பேட்டரியும்

அன்றைக்கு வீட்டின் பின்பக்க வராந்தாவில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் அக்காவைக் கட்டிய மாமா, இடுப்பில் குழந்தையோடு அக்கா, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்ட அம்மா. அப்பா இல்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தார். மகனுக்குப் பவர் ஹவுஸில் வேலை, குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது, இனிமேல் கூலிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கருக்கரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் அன்று விளக்கிச் சொன்னது எதுவும் அவர் காதில் விழாமல் போனது அப்படித்தான்.

விஷயம் மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள். மாமா கரி எடுக்கும் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். முழங்காலில் அடிபட்டதிலிருந்து சைக்கிள் மிதிக்க முடியாது. விடியற்காலை ஷிப்ட்டுக்கு பஸ்ஸும் கிடையாது. அதனால் கடன் வாங்கி அந்த வண்டியை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் டைனமோ செத்துப்போயிருந்தது. ஓடும்போது பேட்டரியில் கரண்ட் ஏறாது. இருக்கிற கரண்ட்டைத் தின்றுகொண்டே ஓடும், தீர்ந்த இடத்தில் நின்றுவிடும். புது டைனமோவுக்குப் பண்ருட்டி மெக்கானிக் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். மாமா ஊரிலோ கரண்ட்டே இல்லை.

"மச்சான், டிப்ளமா படிச்சிருக்கிறல்ல. உன் வூட்டு கரண்ட்ட இதுல ஊத்திக் குடு" என்றார் மாமா.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். எதைப் பற்றிக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லியாக வேண்டிய இடத்தில் இருந்தேன். இது உண்மையிலேயே தெரியும். வீட்டுக் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் செலினியம் தகடுகள், மெட்ராஸில் பழைய சாமான் கடையில் வாங்கிவைத்திருந்ததை எடுத்தேன். பின் வராந்தா விளக்குக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டினேன். இருந்த பல்பைக் கழற்றிவிட்டு, கரண்ட் நிறையப் போவதற்காக இருநூறு வாட் பல்பு ஒன்றைப் போட்டேன். விளக்கு வழியாக வரும் கரண்ட், தகடு வழியாக, மூலையில் கூடையால் மூடி வைத்த பேட்டரிக்குள் போகும்படி செய்தேன். விளக்கு எரிந்தால் பேட்டரி ஏறுகிறது. விளக்கு அணைந்தால் ஏறவில்லை. அவ்வளவுதான்.

"கிளிப்பைக் கழட்டறதுக்கு முன்னால சுவிட்ச அணைச்சே ஆகணும். இல்லன்னா ஷாக் அடிக்கும், ஆளையே தூக்கிடும்" என்று எல்லோருக்கும் சொன்னேன். அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா அதற்குப் பிறகு பேட்டரி இருக்கும் நேரத்தில் வராந்தாப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. பாத்திரங்களைக்கூட முன்பக்கக் குழாயில் கொண்டுபோய்த் தேய்த்தாள்.

ஏற்பாடு இதுதான். மாமா ஷிப்ட்டுக்கு வரும்போது எங்கள் வீட்டில் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு, மைன்ஸ் பள்ளத்துக்கு இறங்குகிற ஆட்களோடு லாரியில் போய்விடுவார். ஷிப்ட் முடிந்து வந்து எடுத்து வண்டியில் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். எட்டு மணி நேரம் ஏறினால் போக வரத் தாராளமாகப் போதும். நானே கணக்குப் போட்டிருந்தேன்.

இரவு ஷிப்ட் வாரத்தில் கணக்கு அப்படியே நடந்தது. அடுத்து, விடியலில் தொடங்கி மதியம் முடிகிற முதல் ஷிப்ட் வாரம் வந்தது. மூன்றாம் நாள் விடியலில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மாமா தள்ளிக்கொண்டே வந்து லேட். அந்த வாரக் கடைசியில் இன்னொரு முறை லேட்.

மேஸ்திரி சொல்லிவிட்டார்: "ஆளுங்கள பர்மனென்ட் பண்ணப்போற நேரம். மூணாவது தடவ லேட்டா வந்தா உன் பேர நான் எழுத மாட்டேன்." பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அக்காவும் குழந்தையும் டவுன்ஷிப்புக்கு வந்துவிடலாம். வண்டியே தேவைப்படாது. அதுவரைக்கும் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள் என்றால் மாமா கேட்கமாட்டார். "மாமியார் வூட்டுல சோறு தின்னுக்கினு வேலைக்குப் போறான்னு ஊர்ல சொல்லவா?"

ஆகவே பொறுப்பு முழுக்க என் தலையில். பேட்டரியின் ஈயக் கொண்டைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவினேன். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினேன். ஒயரை மாற்றினேன். செலினியம் தகடுகளை முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போனால் அழுகிய வாடை வரும் என்று படித்திருந்தேன். வாடை இல்லை. அம்மா கதவோரம் நின்று, "பச்சப்புள்ளைக்கு மாந்தம் பாக்குற மாதிரி பாக்குறியே" என்றாள்.

இரவு ஷிப்ட்டில் குறையே இல்லை, முதல் ஷிப்ட்டில்தான் தகராறு என்பதிலிருந்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பகலில் மைன்ஸில் பெரிய இயந்திரங்கள் ஓடுவதால் நம் வீட்டுக்கு வோல்டேஜ் குறைந்துவிடுகிறது என்று மாமாவிடம் படம் போட்டு விளக்கினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "ஏன் மச்சான், ராத்திரியில அந்த மெஷின் எல்லாம் பாய் போட்டுத் தூங்குதா? நான் பாத்ததில்லையே!"

அன்று ஊரிலிருந்து வந்திருந்த அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதுவிட்டது.

அடுத்த முதல் ஷிப்ட் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விடியலில் மாமா வந்து பேட்டரியை மாட்டினார். "வழியில ரெண்டு தடவ இருமிச்சி மச்சான். இன்னிக்கி நல்லா ஏறலன்னா நாளைக்கி வந்து சேராது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பின்பக்க அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அங்கிருந்து வராந்தா தெரியும். விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஜெனரல் ஷிப்ட்டுக்குக் கிளம்புவேன்.

நன்றாக விடிந்த பிறகு அப்பா வந்தார். மாமாவின் இரவு ஷிப்ட் வாரக் கடைசியில் அறுப்பு முடிந்து திரும்பியதிலிருந்து அவருக்கு வேலை எதுவும் இல்லை. காலையில் பிளாக்கைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு விளக்கை அண்ணாந்து பார்த்தார். "ச்சு" என்றார். சுவிட்சை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் போர்வையோடு எழுந்துவிட்டேன். "அப்பா! ஏன் அணைச்சீங்க?"

"வெயிலு இப்பிடி அடிக்குது, இன்னாத்துக்குடா வெளக்கு? தெனமும் யாரோ மறந்துட்டுப் போயிடுறீங்க. நாந்தான் அணைச்சிக்கினு இருக்கிறேன்."

தினமும். எனக்குக் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது. மாமா வந்து பார்க்கும்போது சுவிட்ச் அணைந்திருக்கும். கிளிப்பைக் கழற்றுமுன் அணைக்க வேண்டும் என்று நான் போட்ட போட்டில், யாரோ தனக்காக முன்கூட்டியே அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவரும் நினைத்துக்கொள்வார்.

"நம்ம காசா போவுது? கம்பெனி கரண்ட்டுதானேப்பா!" என்றேன்.

"காசு இல்லடா." அப்பா மைன்ஸ் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் புள்ள முட்டிய இழுத்துக்கினு பள்ளத்துல எறங்கி மண்ணு வாருது. அதுக்கடியில கரி எடுத்துத்தான் இந்த வெளக்கு எரியுதுன்னு நீதான சொன்ன? அவன் அங்க வேர்வ சிந்திக்கினு கெடக்கறான், இங்க பட்டப்பகல்ல சும்மா எரியலாமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கூடையைத் தூக்கிக் காட்டினேன். கரண்ட் முதலில் விளக்குக்குள் போய் அப்புறம்தான் பேட்டரிக்கு வருகிறது என்று ஒயரை விரலால் தொடர்ந்து காட்டினேன்.

"பேட்டரிக்கு ஒயரு தனியாப் போவுது, வெளக்கு தனியா எரியுதுன்னு நெனச்சேன்" என்றார். கூடையை எடுத்துப் பேட்டரியை மறுபடி மூடினார். "அப்ப அவன் வண்டி நின்னதெல்லாம் என்னாலயா?"

"சொல்லாதது நான்தான்ப்பா."

சுவிட்சைப் போட்டேன். "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்று அப்பா விளக்குக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கண்ணயர்ந்தேன்.

படீரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா ஸ்டூல் மேல் நிற்கிறார். கையில் ஈரத் துண்டு. சூடேறி எரிந்த பல்பு இருந்த இடத்தில் அதன் பித்தளை மூடி மட்டும் தொங்குகிறது.

"கண்ணாடியில தூசி இருந்திச்சி. வெளிச்சம் நல்லா வந்தா கரண்ட்டு நல்லா ஏறுமேன்னு தொடச்சேன்டா, லாந்தரத் தொடைக்கிற மாதிரி" என்றார். ஆயுசெல்லாம் விளக்கு ஏற்றுமுன் லாந்தர் கண்ணாடியைத் துடைத்த கை அது. கையில் காயம் இல்லை, ஷாக்கும் அடிக்கவில்லை. அதுவே பெரிது என்று அவரை இறக்கினேன். ஆனால் வீட்டில் இருந்த மற்ற பல்புகளெல்லாம் சின்னவை. அவற்றைப் போட்டால் பேட்டரி ஏற நாள்கணக்காகும். நாளைக்கு மாமா வந்து சேர வேண்டும்.

நான் சட்டையை எடுப்பதற்குள், "நீ படுடா" என்று அதட்டினார். சுவிட்சை அணைத்து அந்தப் பித்தளை மூடியைக் கழற்றித் தரச் சொன்னார். அதைத் துண்டில் முடிந்துகொண்டு பஜாருக்கு நடந்தார். படிக்கத் தெரியாது, வாட் என்றால் தெரியாது. கடையில் மூடியைக் காட்டி, "இதுக்குச் சேர்றதுல இருக்கறதுலயே பெருசு குடுங்க" என்றாராம். கடைக்காரர், "இன்னா பெரியவரே, வூட்டுல கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறார். "கல்யாணம் எப்பவோ ஆயிடிச்சிங்க. இது மாப்ளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

சரியான பல்புதான் வந்தது. நான் மாட்டினேன். அப்பா மறுபடி எதிரே உட்கார்ந்துகொண்டார். துண்டை மட்டும் தூர வைத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த மாமா கூடையைத் தூக்கப் போனார். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "தொடாதீங்க மாப்ள. இன்னும் ஏறல. சாப்டுட்டு அப்பிடிப் படுங்க. பொழுது சாயட்டும்."

"ஊருக்குப் போவணும் மாமா..." என்று அப்பாவிடம் இழுத்தார்.

"நாளைக்கி வந்து சேரணுமா, வேணாமா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மாமியார் வீட்டில் மாமா முதன்முதலாகப் படுத்துத் தூங்கியது அந்த மதியம்தான். குறட்டை முன்வாசல் வரை கேட்டது. அப்பா அசையவில்லை. அம்மா கதவுக்கு அந்தப் பக்கமே நின்று டம்ளரை நீட்டி, "வெளக்கு ஓடிப்போயிடுமா? காபியாவது குடி" என்றாள். உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார், கண்ணை எடுக்காமல்.

மறுநாள் ஷிப்ட் சங்கு ஊதுமுன்பே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, இருமல் இல்லாமல். அப்பா எனக்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் மாமா லேட் இல்லை. பகலெல்லாம் எங்கள் பின் வராந்தாவில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டார் கேட்டால் அப்பாவே விளக்கம் சொல்லுவார், என்னைவிட நன்றாக. மேஸ்திரி பெயர் எழுதினார். மாமா பர்மனென்ட் ஆகி, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, அக்கா வந்துவிட்டாள்.

அந்த நூற்றைம்பது ரூபாய் டைனமோவைக் கடைசிவரை வாங்கவே இல்லை. அப்பாவுக்கு ஆன செலவு அந்தப் பல்பு ஒன்றுதான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அப்பா வாங்கவில்லை. அறுப்புக் கூலியில் இடுப்பு முடிச்சில் வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். இரண்டு ரூபாய் எழுபத்தைந்து காசு.