வெட்டாமல் கழற்றிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு பழகிய உங்களுக்கு இந்த நினைவு மலரில் நான் புதிதாக எதைச் சொல்வது என்று தயங்கினேன். அண்ணிதான், "அந்தக் கறுப்பு வண்டி கதைய எழுதும்மா. அது முழுசாத் தெரிஞ்சவங்க இப்ப நாம மூணு பேருதான்" என்றார். மூன்றாமவர் அண்ணனின் உயிர்த்தோழர் காதர் அண்ணன்.

அண்ணன் பிறந்தது விரிஞ்சிபுரத்தில். எங்கள் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு வந்ததால் குடும்பமும் ஆம்பூருக்கு வந்தது. யுத்த காலத்தில் தந்தையாரும் அடுத்து அம்மாவும் காலமானார்கள். அப்போது அண்ணன் அதே ஷாப்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையான என்னை வளர்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. திருமணமாகி வந்த அண்ணி என்னைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டார்.

அண்ணன் முன்கோபக்காரர். சோறு ஆறும்வரை காத்திருக்க மாட்டார். பஸ் தாமதமானால் திட்டிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுவார். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசினால் நீங்களே சிரிப்பீர்கள்.

எனக்கு இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் துவண்டது. வாரந்தோறும் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்தால், பிற்பாடு இரும்புச் சட்டம் கட்டி நடக்க வைக்கலாம் என்றார்கள். அண்ணன் என்னைத் தோளில் சுமந்து ரோட்டுக்குப் போவார். கூட்டம் நிறைந்த பஸ்கள் பல நாள் நிற்காமலே போய்விடும். ஒரு மழை நாளில் இருவரும் தெப்பமாக நனைந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வீடு திரும்பினோம். ஈர வேட்டியோடு அப்படியே முதலாளியின் வீட்டுக்குப் போய், ஷாப்புக்குப் பின்னால் கிடந்த பழைய கறுப்புக் காரை அண்ணன் கேட்டார்.

யுத்தத்தின்போது லாரி போதாமல், அந்தக் காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு உப்புப் போட்ட பச்சைத்தோலை ஏற்றியிருந்தார்கள். தோலிலிருந்து சொட்டிய உப்புத்தண்ணீர் அடிப்பாகத்தையெல்லாம் அரித்துவிட்டது. முதலாளி சிரித்துவிட்டு, "காயலான் கடைக்குத்தான் லாயக்கு. வேணும்னா தள்ளிக்கினு போ" என்றாராம். ஷாப்பு ஆட்களும் காதர் அண்ணனும் சேர்ந்து அதை எங்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளி வந்தார்கள்.

எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. ஸ்பிரிங் பட்டைகள்தான் பாழ். அவற்றை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகள் துருவேறி, அவை நுழையும் உலோகக் குழலான புஷ்ஷோடு ஒன்றாக இறுகிப்போயிருந்தன. போல்ட்டு அசைந்தால்தான் பட்டை அசையும். பட்டை அசையாத வண்டியைப் பள்ளத்தில் இறக்கினால் ஒடிந்துவிடும். ஒடிந்த பட்டையைக் கொல்லரிடம் செய்துகொள்ளலாம். அந்தப் போல்ட்டோ சென்னையிலும் கிடைக்காது. வண்டி செய்த கம்பெனியையே மூடிவிட்டார்களாம்.

அண்ணன் வண்டியைத் தடித்த மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தினார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். மண்ணெண்ணெயோடு எஞ்சின் ஆயிலைக் கலந்து ஊற்றி ஊறவிட்டார். மறுநாள் போல்ட்டின் தலையை மெல்லத் தட்டி, ஸ்பேனரை வைத்து முதலில் கொஞ்சம் முறுக்கினார். பார்த்தவர்கள், கழற்ற வேண்டியதை முறுக்குகிறானே என்று கேலி பேசினார்கள். இறுகிய துரு அப்படித்தான் விட்டுக்கொடுக்குமாம். ஒரு மயிரிழை முறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி முறுக்கினார். முன்பக்கத்துப் போல்ட்டுகளுக்கு வெளிப்புறம் மட்டும் தீ காட்டிச் சூடேற்றினார். ஒவ்வொன்றாக வந்தன.

பின்பக்கத்து வலது போல்ட்டு மட்டும் வரவில்லை. பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி இருந்ததால் தீ காட்ட முடியாது. டாங்கியைக் கழற்றலாமென்றால், தொட்டாலே பொத்துப்போகும் தகடு. எண்ணெய் ஒன்றுதான் வழி. அண்ணி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கும்போதெல்லாம் குனிந்து, கோழி இறகால் எண்ணெயைத் தொட்டு அந்தப் போல்ட்டில் விட்டுவிட்டுப் போவார். தெருவே சிரித்தது.

பொறுமையிழந்த காதர் அண்ணன் ஒரு நாள் வெட்டுளியோடு வந்துவிட்டார். "பேஜாரு புடிச்ச வேலைடா இது. வெட்டிடலாம்" என்றார்.

அண்ணன் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "வெட்டுனா சட்டத்துல பட்டை மாட்டுற காது ஒடைஞ்சிடும். அப்புறம் வண்டி இல்ல. வண்டி இல்லன்னா பாப்பா எப்படிடா போவா?" என்றார்.

காதர் அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும் மாலைகளிலெல்லாம் அவர் தட்ட, அண்ணன் ஸ்பேனரைப் பிடித்தார். கையின் தோல் உரிந்து, துணி சுற்றிக்கொண்டு பிடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியிலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது. வெளியே நீட்டியிருந்த அண்ணனின் கால்கள் அசையவில்லை. அடுப்படியிலிருந்த அண்ணி கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். காதர் அண்ணன் குனிந்து, "ஒடைஞ்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "இல்லடா. திரும்புது."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பட்டைகளை மாட்டி முடித்ததும் அண்ணன் அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்ன சவாரி வந்தாலும் ஏற்றாமல் என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். என் கால் முழுவதும் குணமாகவில்லை. ஆனால் இரும்புச் சட்டம் கட்டி நடந்தேன், படித்தேன். இன்று பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். பிறகு அண்ணன் சொந்தப் பட்டறை வைத்ததும், ராணிப்பேட்டையிலிருந்துகூட லாரிகள் வந்ததும் நீங்கள் அறிந்தவை. உப்புத்தோல் ஏற்றிய லாரியை அடிப்பக்கம் கழுவாமல் கொண்டுவரும் டிரைவர்கள் அவரிடம் வாங்கிய திட்டும் அறிந்ததே. பிரசவ வலி என்று எவர் கதவைத் தட்டினாலும், திட்டாமல் எழுந்து வண்டியை எடுத்தவரும் அவர்தான்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காதர் அண்ணன்தான் வண்டி ஓட்டினார். நான் அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது கண் திறந்து, "பின்னால எதுவோ தட்டுது, நிறுத்திப் பாரு" என்றார். அதுவே அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. சிகிச்சை பலனளிக்கவில்லை.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று வேலையை நிறுத்திவிட்டு வந்த தோல் ஷாப்புத் தொழிலாளர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பிய தெருவாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த காதர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. கைக்குழந்தையோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் வந்து, வாசலில் ஒதுங்கி நின்று அழுதார்கள். யாரென்று அண்ணி கேட்டபோது, "அவரு வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போனவங்கம்மா" என்றார்கள். இந்த மலர் எப்படியாவது அவர்கள் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.