அடம் சிமித்துக்கு நோர்பரியில் ஒரு நிமிட மௌனம்

ஓர் ஊரில் எத்தனை வருடம் குப்பை கொட்டினால் அது நம்முடைய ஊராகும்? 2004 கோடையில் யாராவது கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். தென் லண்டனின் நோர்பரி யேசுரட்ணம் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

அவருக்குக் கயிறிழுத்தல் என்றால் உயிர். ஆனால் லண்டன் தமிழர் விளையாட்டு விழாவில் கயிற்றைத் தொட ஓர் ஊர்ச்சங்கம் வேண்டும். அம்மாவின் ஊர்ச்சங்கம் அவரை அப்பாவின் ஊர்க்காரர் என்றது. அப்பாவின் ஊர்ச்சங்கம் அம்மாவின் ஊர்க்காரர் என்றது. மூன்று வருடம் கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். நான்காம் வருடம் ‘கேர்க்கால்டி ஒன்றியம் – லண்டன்’ பிறந்தது. ஸ்கொட்லாந்தின் அந்தக் கடலோரப் பட்டினத்தில் பதினான்கு வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர் அவர். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. இழுப்பதற்கு மலேசியாக்காரர் ரங்கராஜன் உட்பட ஏழு கூட்டாளிகளைப் பிடித்தார்.

விழாத் தலைவர் சபாரத்தினம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“உம்மடை ஊர் பெத்த பெருமக்கள் ஆர்? விழா மலரிலை ஒரு பக்கம் போடவேணும்.”

“அடம் சிமித், அண்ணை. பொருளாதாரத்தின்ரை தகப்பன். பிறகு, உலகத்துக்கே நேரம் பிரிச்சுக் குடுத்த சான்ட்போர்ட் பிளெமிங்.”

“நேரமோ? எங்கடை ஆக்களுக்கு உது தேவைப்படாது. சிமித்திட்டை ஒரு வாழ்த்துச் செய்தி வாங்கியாரும். பாஸ்போட் சைஸ் படமும்.”

“ஆள் செத்துப்போச்சு, அண்ணை.”

“அட கடவுளே! பிள்ளையளிட்டை வாங்கும்.”

“கலியாணம் கட்டேல்லை.”

சபாரத்தினத்தின் முகம் இளகியது. வாழ்த்துச் செய்தி இல்லாத ஊரை அவர் தள்ளிவைப்பார்; சாவீட்டைத் தள்ளிவைக்க மாட்டார். எப்போது செத்தார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. 1790இல் என்று சொல்ல யேசுரட்ணத்துக்கும் வாய் வரவில்லை.

மலரின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில், பொய்முடி வைத்த படத்தோடு வந்தது: ‘கேர்க்கால்டியைப் பிறப்பிடமாகவும் எடின்பரோவை வதிவிடமாகவும் கொண்ட அடம் சிமித் அவர்கள் காலமானார்.’

விழாவன்று நோர்பரி மைதானத்தில் சுடச்சுட ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஷாமளா அக்கா, மலரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு யேசுரட்ணத்தின் கையைப் பிடித்தார்.

“என்ன வயசு, தம்பி?”

“அறுபத்தேழு, அக்கா.”

“சாகிற வயசே அது! தலைமுடி கூடக் கொட்டேல்லை.”

பிறகு ஒலிபெருக்கியில் சபாரத்தினம், கேர்க்கால்டி மக்களின் துயரில் பங்குகொள்ளுமாறு எல்லோரையும் கேட்டார். நானூறு பேர் எழுந்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள்.

கயிறிழுத்தலுக்கு அழைத்தபோது அப்பாவின் ஊர்ச்சங்கச் செயலாளர் கணேஸ்வரன் குறுக்கே பாய்ந்தார்.

“அண்ணை, உது எங்கடை ஊரே இல்லை! இவையை விட ஏலாது.”

“இப்பதானே ஐசே எழும்பி நிண்டனீர்?” என்றார் சபாரத்தினம். “ஊரில்லாத ஆளுக்கோ தலைகுனிஞ்சனீர்? விலத்தும்!”

யேசுரட்ணம் கைகளில் மண்ணைத் தேய்த்துக் கயிற்றைப் பிடித்தார். ஒன்பது விநாடிகளில் கேர்க்கால்டியின் எட்டுப் பேரும் குப்புற விழுந்தார்கள். மூக்கில் புல்லோடு எழுந்தவர், “இன்னொருக்கா இழுப்பமோ?” என்று எதிரணியைக் கேட்டார்.

கேர்க்கால்டி ஒன்றியம் இப்போது ஆள் சேர்க்கிறது. எந்த ஊர்ச்சங்கமும் ஏற்காத, நல்ல பாரமான ஆட்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.