தேர்வறையில்தான் நிம்மதி

இன்று பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வு. வகுப்பே நடுங்கியது. ஆட்டிசம் உள்ள நான் மட்டும் செம ஜாலி!

பின்னே? ஒருவர் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பார், நான் பதில் சொல்வேன், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். "என்னைப் பாக்க வேணாம்மா, படத்தப் பாத்தே பேசு" என்று ஆசிரியை வேறு சொல்லிவிட்டார். கொட்டித் தீர்த்துவிட்டேன்!

திரும்பும் பஸ்ஸில் தோழி பிரியா கேட்டாள்: "உனக்குப் பயமே இல்லையா?"

"இதுல என்ன பயம் லா? உங்ககூட ரீசஸ் பிரேக்ல உக்கார்றதுதான் பயம். எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்க. நான் எப்போ வாயத் திறக்கறதுன்னே தெரியாது."

தேக்கா ஸ்டாப் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமோ என்று நினைத்தேன்.

இறங்கும்போது சொன்னாள்: "நாளைக்கு ரீசஸ்ல ஒவ்வொருத்தராத்தான் பேசறோம். நீதான் எக்ஸாமினர், ஓகே?"

டபுள் ஓகே! முதல் கேள்வி பிரியாவுக்குத்தான். இதைப் படிக்கிறவர்கள் ஒரு தலைப்பு அனுப்புங்கள், கஷ்டமானதாக இருக்கட்டும்.