மூன்றை ஒன்றாக்கியவள்

நான்தான் செய்தேன்.

நிரோஷா எழுதிய நிரலில் பிழை இருக்கவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சேர்வரில் ஒரு மூலையில் கிடந்த சின்னக் கோப்பைத் திறந்து, அதில் மூன்று என்றிருந்த எண்ணை ஒன்று என்று ஆக்கியவள் நான். கை தவறவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை. யோசித்து, கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்!

அந்த எண்ணம் முளைத்த நேரம்கூட எனக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால். குகன் அண்ணா நிரோஷாவைப் பார்த்து, "பிள்ளை, இதைத்தான் நான் இவ்வளவு காலமும் தேடினனான்" என்று சொன்ன நொடி.

பிள்ளை!

மூன்று வருடமாக அவருக்கு நான் 'மயூரி'. மூன்று மாதத்துக்கு முன் வந்தவள் 'பிள்ளை'. இதற்காகவா என்று நீங்கள் கேட்கலாம். இதற்காகத்தான்... வேறு பெரிய காரணம் ஏதும் இருந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

எங்களுடையது வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கொம்பனி. குகன் அண்ணா முதலாளி. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, இங்கே ஃபிளாட்டுகளில் தனியே வாழும் அம்மா அப்பாக்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பட்டி. அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'நான் இருக்கிறேன்' என்று எங்கள் சேர்வருக்குச் செய்தி அனுப்பும். அதைத் துடிப்பு என்போம். லண்டனில் இருக்கும் மகனின் தொலைபேசியில் ஒரு விளக்கு எரியும். துடிப்பு வந்தால் பச்சை.

வராவிட்டால்?

இந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா! ஒருவரிடமிருந்து செய்தி வரவில்லை. ஆளுக்கு ஏதும் ஆகிவிட்டதா? வைஃபை அறுந்ததா? கரண்ட் போனதா? கடற்கரைப் பக்கத்துப் பின்னறையில் சிக்னல் எட்டவில்லையா? இந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாமே ஒரே மௌனம்தான். எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்ற முடிவு மட்டுமே நம் கையில் இருக்கிறது. இதைப் பற்றி நான் பஸ்ஸில் யோசிப்பேன், சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி யோசிப்பேன். இது என் கேள்வி என்று நினைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் வடிவமைப்பைத்தான் முதலில் காட்டினேன். இரண்டு விளக்கு. பச்சை: 'நிற்கிறார்'. சிவப்பு: 'இல்லை'. எங்கள் வீட்டில் அப்படித்தான் கதைப்போம். "அப்பா நிக்கிறாரோ?" என்றால் அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று அர்த்தம்.

நிரோஷா கொட்டாஞ்சேனைக்காரி. ஆணோ பெண்ணோ, அவளுக்கு எல்லோரும் 'மச்சான்'தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நிக்கிறாரா? எழுபத்தெட்டு வயசு மனுசி மச்சான், பாவம், கொஞ்சம் உக்கார விடுங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கும் அந்தச் சிரிப்புத் தெரிந்திருக்கும். பல் மட்டும் சிரிக்கும்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணா, 'இல்லை'ன்னு போட்டா அந்த மகன் என்ன நினைப்பார்? ஆள் இல்லைன்னா எங்க பாஷையில செத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? எங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவோமே" என்றாள்.

எழுந்து போய்ப் பலகையில் மூன்று வட்டம் போட்டாள். பச்சை: 'இருக்கிறார்'. ஒரு துடிப்புத் தவறினால் மஞ்சள்: 'தெரியவில்லை'. சத்தம் இல்லை, பதற்றம் இல்லை. தொடர்ந்து மூன்று தவறினால் மட்டும் சிவப்பு, சைரன் சத்தத்தோடு: 'உடனே அழையுங்கள்'.

அவ்வளவுதான். மூன்று வட்டம்! இரண்டு வருடமாக நான் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே பொறுமை என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டு, மார்க்கர் மூடியைக் கடித்தபடி வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னது சரி என்று அந்த அறையில் முதலில் அறிந்தவள் நான்தான். எரிந்தது அதனால்தான்... முட்டாள்தனமாக ஏதும் சொல்லியிருந்தால் அவளை எனக்குப் பிடித்திருக்கும்.

பதினொரு வீடுகளில் இரண்டு வாரம் பரீட்சித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. இரண்டாவது வெள்ளிக்கிழமை கூட்டம். அவளுடையதா என்னுடையதா என்று அன்று குகன் அண்ணா முடிவு சொல்வார்.

சேர்வரை அமைத்தவள் நான். நிரலில் என்ன எண் எழுதியிருந்தாலும் அதை மீறும் ஒரு கோப்பு அங்கே உண்டு. அது இருப்பதே நிரோஷாவுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வாரம் புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, எத்தனை துடிப்புத் தவறும்வரை பொறுப்பது என்ற காத்திருப்பு எண்ணை மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன். இனி மஞ்சளுக்கு இடமே இல்லை. ஒரே ஒரு துடிப்புத் தவறினாலும் நேரே சிவப்பு, நேரே சைரன்.

ஒரு எழுத்து. அரை நொடி வேலை!

செல்வராணி அன்ரியை உங்களுக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் தனியே இருந்தார். மகன் ஐங்கரன் லண்டனில். பரீட்சார்த்த வீடுகளில் அதிகம் சிவந்தது அவருடையதுதான். பின்னறைக்குப் போனால் சிவப்பு, பால்கனிக்கு வந்தால் பச்சை. மறுநாள் பின்னேரமே ஒஃபிசுக்குப் போன் எடுத்தார். குகன் அண்ணா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளையள், ஒரு நாளைக்கு ஒன்பது தரம் என்னைச் சாக்காட்டுறியளே! குளிக்கப் போறதெண்டாலும் மகனிட்டை லீவு கேட்டிட்டோ போறது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிரோஷா சிரிக்கவில்லை. தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் தேடினாள். வரி வரியாகத் தேடினாள். கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரெயினில் வரும்போதும் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள். ஒஃபிஸ் மேசையில் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். வீடுகளில் மட்டும் பிழை காட்டும். கடைசியில் கதிரையை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மயூ, நீ ஒருக்கா பாரு மச்சான். மூணுன்னுதானே எழுதியிருக்கேன்? என் கண்ணுக்குத்தான் தெரியலையா?"

பார்த்தேன். அவள் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் இருந்து, அவளோடு சேர்ந்து பிழை தேடினேன்! "ஓம், மூண்டுதான் இருக்கு. விளங்கேல்லை" என்றேன். அவள் தன் பார்சலில் இருந்த மீன் கட்லட்டில் பாதியை என் தாளில் வைத்தாள். சாப்பிட்டேன்.

என்ன மனுஷி நான்?

இதுவரை சொன்னதை வேண்டுமானால் சின்னத்தனம் என்று விட்டுவிடுங்கள். இனிச் சொல்லப்போவதை அப்படி விட முடியாது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை ஐங்கரன் அண்ணா லண்டனிலிருந்து அழைத்தார். தொலைபேசியை எடுத்தவள் நான்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. வேலையிடத்தில ஒரே சைரன். மனேஜர் ஏசுறான். நான் அந்தச் சத்தத்தை நிப்பாட்டிட்டன். சிவப்பு வந்தாலும் இனிப் பாக்கிறேல்லை. நீங்கள் திருத்தினாப் பிறகு சொல்லுங்கோ, திரும்பப் போடுறன்."

எனக்குத் தெரியும் அதன் அர்த்தம்! இந்தத் துறையில் முதலில் படிப்பதே அதுதான். பொய்யாய்ப் பலமுறை கத்திய மணியை, மெய்யாய்க் கத்தும்போது யாரும் கேட்கமாட்டார்கள். அந்த அழைப்பை வைத்த கையோடு ஒன்றை மூன்றாக்கியிருக்கலாம். அரை நொடி வேலை...

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. "சரி அண்ணா" என்றேன்.

வியாழக்கிழமை மதியம் அன்ரி குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தார். கை குழாயில் அடிபட்டுப் பட்டி உடைந்தது. துடிப்பு உண்மையாகவே நின்றது. விளக்கு உண்மையாகவே சிவந்தது. எங்கள் சேர்வர் அந்தச் செய்தியைத் தவறாமல் லண்டனுக்குச் சேர்த்தது. சேர்ந்ததென்று ஒப்புகையும் பெற்றது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு மணி தாண்டி விழுந்தவரை ஆறு மணிக்குப் பூக்காரி வந்து கதவைத் தட்டித்தான் கண்டுபிடித்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு போயிற்று.

அன்று இரவே எண்ணை மூன்றாக்கினேன். ஏனென்று கேட்காதீர்கள். திருத்தினேனா, தடயத்தை மறைத்தேனா... இரண்டும்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. சனிக்கிழமை குகன் அண்ணா என்னைக் கூப்பிட்டார். "மயூரி, மகனுக்கு அனுப்ப ஒரு பக்கத்தில ஒரு அறிக்கை வேணும். சேர்வர் பதிவெல்லாம் உம்மட்டைத்தானே. நீர் எழுதும்."

எழுதினேன். எண்ணை மறைக்கவில்லை, அந்த அளவுக்கு நேர்மை! 'காத்திருப்பு எண் மூன்றிலிருந்து ஒன்றாக மாறியிருந்தது.'

மாறியிருந்தது.

காற்று மாறுவதுபோல. காலம் மாறுவதுபோல. செய்தவர் யாரும் இல்லாத வசனம். தமிழில் இவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறதென்று அன்றுதான் கண்டேன். சேர்வருக்குள் நுழைய எங்கள் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். பதிவில் 'ஒஃபிஸ்' என்ற ஒரே பெயர்தான் விழும். குகன் அண்ணா வாசித்தார். தலையை நிமிர்த்தி நிரோஷாவைப் பார்த்தார். காத்திருப்பு எண் அவளுடைய பகுதி அல்லவா?

"நான் மாத்தல அண்ணா."

அவர் குனிந்து தாளை மறுபடி வாசித்தார். அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல, தனக்குத்தானே கேட்பதுபோல, "டெஸ்ட் பண்ணும்போது நானே மாத்திட்டு மறந்திருப்பேனோ..." என்றாள்.

அவளுடைய வேலையைக் கெடுக்க நினைத்தேன். அவள் நினைவையே அவள் சந்தேகிக்கும்படி செய்வேன் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதால் பாரம் குறைகிறதா? குறையவில்லை.

திங்கட்கிழமை மூன்று வரியில் கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள். "பிள்ளை, யோசிச்சுச் செய்யும்" என்றார் குகன் அண்ணா. அப்போதும் பிள்ளைதான்! அந்த நிலையிலும் அது என் காதில் குத்தியது. அவ்வளவு கேவலமானது இந்தப் பொறாமை.

அன்ரியைப் போய்ப் பார்த்தேன். இப்போது கல்கிசையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நடைச் சட்டத்தைப் பிடித்து இரண்டடி நடந்து காட்டினார். நான் கேட்காமலே சொன்னார்.

"விழுந்தோடனை நான் பயப்படேல்லைப் பிள்ளை. சிவப்பு எரிஞ்சிருக்கும், மகன் பாத்திருப்பான், இப்ப எடுப்பான் எண்டு போன் மணியைக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். நீங்கள் பொருத்தின சாமான்தானே... நம்பிக்கொண்டு கிடந்தனான்."

நான்கு மணி நேரம்.

என் கையில் இருந்த மாம்பழப் பையை வாங்கி, "உதெல்லாம் ஏன் பிள்ளை?" என்றார். அவரும் என்னைப் பிள்ளை என்றார்... கேட்க விரும்பிய சொல் கிடைத்தது. விழுங்க முடியவில்லை.

இப்போது நிரோஷா கொட்டாஞ்சேனையில் தன் மாமாவின் கொமியுனிகேஷன் கடையில் நிற்கிறாள். ஃபோட்டோக் கொப்பி அடிக்கிறாள், போன்களுக்கு ரீலோட் போடுகிறாள். கடைக்கு வருகிறவர்கள் அனுப்பும் கோப்புகள் முறைப்படி வரிசையில் வந்து அச்சாக ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாளாம். ஒஃபிசில் ஒருவர் சொன்னார். கேட்டவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குற்றவுணர்வு இல்லை. 'எப்படி எழுதியிருப்பாள்? எனக்கு ஏன் அது தோன்றவில்லை?'

பார்த்தீர்களா! இன்னும் போகவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்து இதை வாசிக்காதீர்கள்.

அவளுடைய மூன்று வட்டமும் இன்று எங்கள் செயலியில் எரிகின்றன. பராமரிப்பவள் நான். புதிய வீடுகள் சேர்கின்றன. குகன் அண்ணா போன வாரம் என்னை அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "நன்றி அண்ணா" என்றுதான் வந்தது.

உங்களிடம் எழுதுவது சுலபம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுகேள்வி கேட்கமாட்டீர்கள். அதனால் இதை ஒப்புதல் என்று நானே எண்ணிக்கொள்ளக் கூடாது.

இன்று நாலு மணிக்குக் குகன் அண்ணா ஒஃபிசுக்கு வருவார். அறிக்கையைத் திருத்தி அச்செடுத்து வைத்திருக்கிறேன். பிரதி இரண்டு. ஒன்று ஐங்கரன் அண்ணாவுக்கு, மற்றது கொட்டாஞ்சேனைக்கு. திருத்தம் ஒரே சொல்லில்தான். 'மாறியிருந்தது' போய் 'மாற்றினேன்' வந்திருக்கிறது. தாளில் எழுதிவிட்டேன். ஆனால் தாளை நீட்டிவிட்டு நழுவ முடியாது, அவர் நிமிர்ந்து, "என்ன மயூரி இது?" என்று கேட்பார். வாயால் சொல்லவேண்டும்.

காலையிலிருந்து குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன். "அண்ணா, அந்த எண் மாறி..." என்றே நாக்கு போகிறது. மறுபடி தொடங்குகிறேன். மறுபடி 'மாறி'.

இப்போது மூன்றரை.

'நான்' என்று தொடங்கிப் பார்க்கப்போகிறேன்.