உப்பு வண்டியின் இரண்டு சக்கரங்கள்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கார் கிடைத்தது. நாற்பதுகளில் அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய கார். ஒரு பஞ்சு வியாபாரியின் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த அதை ஒன்றரை வருடம் பிரித்துப் பூட்டினோம். பள்ளியில் என்னோடு படித்து எட்டாவதோடு நின்றுவிட்ட நண்பன் ஒருவன், பழைய துறைமுகத்துக்கு அருகே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வேலை முழுதும் அவனுடையது. நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினேன்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே எழுந்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவேன். போதாததற்கு, எங்கள் மேலாளர் மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு இந்தக் காரைத் தருவதாக வாயை விட்டிருந்தேன்.

எஞ்சின் ஓடியது. பெயின்ட் முடிந்தது. கடைசியில் சக்கரங்களில் வந்து நின்றோம். நான்கில் இரண்டு சக்கரங்களில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல். டயருக்குக் கவலையில்லை. அளவு ஜீப் டயர் அளவுதான். அலைந்து திரிந்து புதிதாக நான்கு வாங்கிவிட்டேன். சக்கரம்தான் மதுரைப் பழைய இரும்புக் கடைகள் வரை போயும் கிடைக்கவில்லை.

“ஏலே, ஜீப் வீல வாங்கியா. லேத்துல குடுத்து ஓட்டைய மாத்திக்கிடுவோம். காலத்துக்கும் ஓடும்” என்றான் நண்பன்.

“வீல் கப் உட்காருமா?”

“உக்காராது.”

“அப்ப வேண்டாம்.”

“கார் வீல்ல ஓடுதா, கப்புல ஓடுதாலே?”

வீல் கப் என்பது சக்கரத்தின் நடுவில் பளபளப்புக்காக மாட்டும் மூடி. நான்கும் நசுங்காமல் இருந்தன. புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்த்து வைத்திருந்தேன். பழைய சக்கரத்தில்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் இருந்தன. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்தக் காலத்தில் உப்பளத்திலிருந்து மாட்டு வண்டிகளில்தான் உப்பு வரும். பழைய கார் ஒன்றை உடைத்தால் அதன் ஆக்ஸிலும் சக்கரங்களும் ஏதாவது உப்பு வண்டிக்கு அடியில் போய்ச் சேரும். அது நினைவுக்கு வந்ததும் முத்தையாபுரம் சாலையில் தினமும் வண்டிகளின் பின்னால் குனிந்து பார்த்தபடி சைக்கிள் ஓட்டினேன். ஒன்பதாவது நாள் கண்டுபிடித்தேன். அதே ஐந்து போல்ட், அதே கிளிப்புகள்.

“என்ன சார், மாட்டுக்கு லாடம் பாக்கியளா, வண்டிக்குப் பல்லு பாக்கியளா?” என்று கேட்டார் வண்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“சக்கரம் பார்க்கிறேன் அண்ணாச்சி. துருவே இல்லையே?”

“உப்பு பொல்லாதது சார். ஞாயித்துக்கெழம தோறும் சுறா எண்ணெ பூசிருவேன். அன்னைக்கு வீட்டுக்காரி பக்கத்துல அண்ட மாட்டா.”

சக்கரங்கள் புதிது போல இருந்தன. டயர்கள்தான் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. என் இரண்டு சக்கரங்களில் இன்னும் இரண்டு புது டயர் வாங்கிப் போட்டுத் தருகிறேன், உங்களுடையதைத் தாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று முறை கேட்டார்.

நண்பன் விரிசல்களை வெல்டிங் வைத்துக் கொடுத்தான். “இது பாரம் தாங்காதுலே. கார்ல நாலு வீலு பங்கு போட்டுக்கிடும். அங்கன ரெண்டுதான். பதினஞ்சு மூடை உப்பு ஏறும்.”

“மாடு போற வேகத்துக்கு இது போதும்.”

“படிச்சவன் நீ சொல்லுத. ஒட்டுப் போட்டதுன்னு அவருகிட்ட சொல்லிரு.”

சொல்கிறேன் என்றேன். நான் இயற்பியல் படித்தவன். நிற்கும் வண்டியானாலும் பாரம் பாரம்தான் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலை வெல்டிங் தழும்புகளின் மேல் கறுப்புப் பெயின்டை இரண்டு தடவை நானே பூசினேன். அவரிடம் சொல்லவில்லை.

சக்கரம் மாற்றியபோது அவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். நின்றவர்களிடமெல்லாம், “சார் மனசு யாருக்கு வரும்?” என்றார். கழற்றிய சக்கரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்யாண ஊர்வலத்தில் காரைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பு வண்டி எதிரே வந்தால் வேறு தெருவில் திருப்பினேன்.

சக்கரம் மாற்றிய ஐந்தாவது வாரம் நண்பன் அலுவலக வாசலில் வந்து நின்றான். “வீலு பேந்துட்டு. உப்பு வண்டி அளத்துக் கரை ரோட்டுலேர்ந்து சரிஞ்சு, மூடையெல்லாம் அவர் காலு மேல” என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியது குறைவு.

அரசு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“பள்ளம் சார். புது டயருங்கற தைரியத்துல ரெண்டு மூடை கூட ஏத்திட்டேன். எம் புத்தி.”

பிறகு ஒரு உதவி கேட்டார். “நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக. உப்பள மொதலாளிக்கு ஒரு மனு எழுதித் தாங்க. ஒரு காவல் வேலையாவது போட்டுத் தரட்டும்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். விபத்தின் காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. ‘சாலையின் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதால்’ என்று எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார்.

ஒரு மாதம் கழித்து என் அலுவலக முகவரிக்குப் பதில் வந்தது. முத்தையாபுரத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். சக்கரத்தைச் சோதிக்காமல் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியது வண்டிக்காரரின் கவனக்குறைவு, வேலை தர இயலாது என்று இருந்தது.

“சரிதான். நாந்தான் பாத்திருக்கணும்” என்றார் அவர்.

அவர் மனைவி விடவில்லை. “இவுக என்னத்தப் பாக்க? சக்கரம் நல்லாத்தான இருந்துது. மாத்திக் குடுத்ததே நீங்கதான சார். நல்ல சக்கரம்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. ஒங்க எழுத்துன்னா நம்புவாக.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

“பார்க்கிறேன்மா” என்று சொல்லி எழுந்தேன்.

வாசலுக்கு வந்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவும் இல்லை. சென்னை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு மறுநாளே விண்ணப்பம் எழுதினேன். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.